பன்றிகள் போன தெற்குப் பாதை: ரந்தாவ் பயணக் குறிப்புகள்

வியாழன், ரயிலில்

பட்டர்வொர்த்திலிருந்து சிரம்பானுக்கு இ.டி.எஸ். ரயிலில் போய்க்கொண்டிருக்கிறேன். சிரம்பானில் இறங்கினால் ரந்தாவ் பக்கம்தான். அத்தை வீடு அங்கே. மாமா தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். நான் அரசாங்க கிளினிக்கில் தாதி. பன்றிகளிடமிருந்து ஆட்களுக்குத் தொற்றிய நிப்பா காய்ச்சல் வந்த 1998, 1999-ஐ நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் இருந்து நேரில் பார்த்தவர் அவர். வயதாகிறது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டு எழுதி வைத்துவிட வேண்டும் என்று விடுப்பு எடுத்துக் கிளம்பிவிட்டேன். அன்றன்றைக்குக் கேட்டதையும் பார்த்ததையும் இங்கே போடுகிறேன்.

ஈப்போவில் ரயில் நின்றபோது சுண்ணாம்புக்கல் குன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் தொடங்கியது அந்தக் குன்றுகளின் அடிவாரத்தில்தான். தம்புன் பக்கம் ஒரு பெரிய பன்றிப் பண்ணை. பண்ணைக்குள்ளேயே மாமரங்கள். இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து மாம்பழத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். கொட்டிலில் நிற்கும் பன்றி அதைத் தின்னும். வௌவாலின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருந்த கிருமி அப்படித்தான் பன்றிக்கு வந்தது, பன்றியிடமிருந்து ஆட்களுக்கு ஏறியது. பன்றிகளின் இருமல் அவ்வளவு பலம். 'ஒரு மைல் இருமல்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1998 செப்டம்பரிலிருந்து ஈப்போவைச் சுற்றிய கிந்தா வட்டாரத்துப் பண்ணை ஆட்கள் காய்ச்சலும் மூளை வீக்கமுமாகப் படுக்க ஆரம்பித்தார்கள்.

நோய் புகுந்த பண்ணைக்காரர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். லாரிகள் தெற்கே போயின. ஆண்டு முடிவதற்குள் சிரம்பானை ஒட்டிய சிக்காமாட்டில் நோயாளிகள். அப்புறம் போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக். 1999 மார்ச்சில் சிங்கப்பூரின் அறுப்புக்கூடம். நான் இப்போது போய்க்கொண்டிருக்கும் இதே தெற்குத் திசையில்தான் கிருமியும் லாரி ஏறிப் போயிருக்கிறது. ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் வரை போய்ச்சேர அதற்கு ஆறு மாதம் ஆனது. ஆறு மாதம் இருந்தும், சரியான எச்சரிக்கை ஒன்று அதை முந்திக்கொண்டு போகவில்லை. என் மனதில் நிற்பது இதுதான்.

1997 புகைமூட்டம் பலருக்கு நினைவிருக்கும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடு எரிந்து, வெயிலே தெரியாமல் கிடந்தோம். காடு போய், மரங்கள் சரியாகப் பூக்காமல் காய்க்காமல் போனதால்தான் பசித்த வௌவால்கள் பழத்தோட்டங்களைத் தேடி வந்தன என்று, நிப்பா கிருமியைக் கண்டறிந்த டாக்டர் சுவா காவ் பிங்கும் சகாக்களும் 2002-ல் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. வௌவால்கள் முன்பிருந்தே அங்கே இருந்தவைதான், பண்ணை பெருத்ததும் அதற்குள்ளேயே மாமரம் வளர்த்ததும்தான் காரணம் என்றார்கள். எனக்கு இரண்டாவது பேச்சே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் எல்லைக்கு அப்பால் எரியும் காட்டையும் இங்கே ஒரு பண்ணையில் இருமும் பன்றியையும் சேர்த்து வைத்து யோசித்தாரே அந்த மனிதர், அந்த யோசனை நம் வட்டாரத்துக்குத் தேவையானது.

எல்லை தாண்டும் புகைக்கு, தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் கோலாலம்பூரில் ஒப்பந்தம் போட்டது 2002 ஜூனில். காடு அதிகம் எரியும் இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதை ஏற்க 2014 ஆகிவிட்டது. நடுவில் 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, அவசரநிலையே அறிவித்தார்கள்.

கோலாலம்பூர் வந்துவிட்டது. மிச்சம் நாளை.

வெள்ளி, ரந்தாவ்

ரந்தாவ் பெரிய ஊர் இல்லை. சடக்கின் (சாலையின்) இரண்டு பக்கமும் கடைவீடுகள், அதைத் தாண்டினால் எல்லாப் பக்கமும் செம்பனை. மாமா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதெல்லாம் கித்தாக்காடு, அதாவது ரப்பர். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் இப்போது நம் ஆட்கள் குறைவு. பிள்ளைகள் சிரம்பான், நீலாய் என்று போய்விட்டார்கள். குலை வெட்டுவதும் தூக்குவதும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேபாளிகள்.

"பசியாறிட்டு உக்காரும்மா, ஓடியா போகுது?" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். அட்டை போய், நூல் தெரிகிறது. 1999-ல் அவர் வேலை பார்த்த தோட்டம் புக்கிட் பெலாண்டோக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம். நோட்டில் பெயர், லயத்து எண், என்ன கோளாறு, என்ன மருந்து என்று வரிசையாக எழுதியிருக்கிறார். ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களில் மட்டும் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சின்ன வட்டம்.

"இது என்ன மாமா?"

"பன்னிப் பண்ணைக்குப் போனவனுங்க. பால் வெட்டு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். மழைக்காலத்துல அதுவும் கிடையாது. வாட்டசாட்டமான பையனுங்க பண்ணைக்குப் போயி கொட்டில் கழுவுவானுங்க, லாரியில பன்னி ஏத்துவானுங்க. அன்னிக்கே கையில காசு."

வட்டம் போட்டவர்கள் எல்லோருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஆனால் நினைவு தப்பி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, ஆம்புலன்ஸ் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் வட்டம் போட்டவர்கள்.

"ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு சொன்னாங்க. கொசுன்னு சொன்னாங்க. லயம் லயமா புகை அடிச்சாங்க, ஊசி போட்டாங்க. நானே ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயி வரிசையில நிக்க வச்சேன். ஊசி போட்டவனுக்கும் வந்துச்சும்மா. அதான் எனக்கு உறுத்துச்சு. ஒரே லயத்துல பக்கத்து வீட்டுக்காரனுக்கு வரல. மலாய்க்காரங்க இருக்கிற கம்பத்து ஊர்ல வரல. அவங்களையும் அதே கொசுதானே கடிக்குது? சின்னப் பிள்ளைங்களுக்கு வரல, ஆம்பளைங்களா பார்த்து வருது. கொசு ஆளைப் பார்த்தா கடிக்கும்?"

"மேலே சொன்னீங்களா?"

"சொன்னேன். ஊருக்கெல்லாம் ஊசி போட்டுட்டு இருக்கிறப்ப ஒரு டிரெசர் சொல்றதை யாரு உக்காந்து கேப்பாங்க?"

மாமா கேட்ட இதே கேள்விகள்தான் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களையும் உறுத்தியிருக்கின்றன. சில நோயாளிகளின் ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான அடையாளமும் தெரிந்தது, அதனால்தான் குழப்பம் நீண்டது. 1999 மார்ச் தொடக்கத்தில் டாக்டர் சுவா காவ் பிங் சுங்கை நிப்பா கம்பத்து (கிராமத்து) நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அந்த ஊரின் பெயரே கிருமிக்கும் வந்தது. அதை விமானத்தில் தாமே கொண்டுபோய், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கு கொலராடோவில் இருந்த ஆய்வகத்தில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். 1994-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் அருகே குதிரைகளையும் குதிரைப் பயிற்சியாளர் ஒருவரையும் கொன்ற ஹெண்ட்ரா கிருமியின் உறவுக்கிருமி அது என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் கீலாங் ஆய்வகத்துக்கு அந்த அனுபவம் இருந்ததால் பன்றிகளைச் சோதிக்க ஆளும் முறையும் வந்து சேர்ந்தன.

அதே மாதத்தில்தான் சிங்கப்பூரில் அறுப்புக்கூடத்து ஆட்கள் படுத்தார்கள். 11 பேருக்கு நோய், ஒருவர் இறந்தார். அவர்கள் பண்ணைப் பக்கமே வராதவர்கள். மலேசியாவிலிருந்து போன பன்றியை அறுத்தவர்கள். சிங்கப்பூர் பன்றி இறக்குமதியை நிறுத்தியது. அங்கே பதினொரு பேரோடு நின்றுவிட்டது. இங்கே 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் போய்விட்டார்கள்.

ஒரு தாதியாக எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. துப்பு நோட்டில் இருந்தது. அந்த நோட்டை மேலே கொண்டுபோகும் படிக்கட்டுத்தான் இல்லை. நாடு நாட்டுக்குச் செய்தி சொல்வதைப் பற்றிப் பெரிய கூட்டங்களில் பேசுகிறோம். செய்தி முதலில் தோட்டத்து டிரெசரிடமிருந்து மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

இரவு சாப்பாட்டின்போது மாமா தன் அப்பா வந்த கதையைச் சொன்னார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கவிடாமல், ஜெரெஜாக் தீவுத் தடுப்பு முகாமில் வைத்திருந்து அனுப்பினார்களாம். அம்மையும் காலராவும் கப்பலில் வந்த காலம். 1925-ல், ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கம் சிங்கப்பூரில் ஓர் அலுவலகம் திறந்து, ஆசியத் துறைமுகங்களில் எங்கே பிளேக், எங்கே காலரா, எங்கே அம்மை என்று வாராவாரம் திரட்டி, கம்பியில்லாத் தந்தியில் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒலிபரப்பியது. கப்பல் வருமுன் செய்தி வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு வழி கண்டிருந்தார்கள்.

சனி, சுங்கை நிப்பா

லுக்குட் வழியாகக் காடியில் (காரில்) போனோம். மாமா முன்சீட்டில், கையில் நோட்டு. வழியெல்லாம் செம்பனை, இடையிடையே டிராகன் பழத் தோட்டம். தென்கிழக்காசியாவிலேயே பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரம் என்று பேர் வாங்கிய இடம் இது என்று சொன்னால் இன்று நம்ப முடியாது. பழைய கொட்டில்களின் சிமெண்டுத் தரை மட்டும் சில இடங்களில் புல்லுக்குள் கிடக்கிறது.

நோயின் நினைவாகக் கம்பத்தில் சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன நேரம் பூட்டியிருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு சீனர் கடை. தவுக்கேக்கு (கடை முதலாளிக்கு) மாமா வயது இருக்கும். இரண்டு பேரும் மலாயில் பேச ஆரம்பித்தவர்கள், கோப்பி ஓ ஆறிப்போகும் வரை நிறுத்தவில்லை. 1999-ல் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை 9 லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். ராணுவம் வந்து செய்த வேலை. தவுக்கே குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தபோது பண்ணை இல்லை, கடன் இருந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்கள் கையிலிருந்து காசு வாங்கக்கூடப் பயந்தார்களாம். வெளியூரில் பிள்ளைகள் ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கினார்கள். புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயரோ நாட்டின் பெயரோ வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2015-ல். இந்த ஊருக்கு அது பிந்திப்போன உதவி.

மாமா நோட்டைத் திறந்து வட்டங்களைக் காட்டினார். தவுக்கே விரலால் ஒரு பெயரைத் தொட்டு, "இவன் என்னிடம் வேலை செய்தவன்" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் அந்தப் பையனின் அம்மாவைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள்.

வௌவால்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிருமி வௌவாலிடமிருந்துதான் வந்தது என்பதை நிரூபிக்க சுவா குழுவினர் தியோமான் தீவுக்குப் போய், வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் இரவில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து வைத்து, விடிகாலையில் அதில் விழுந்த சிறுநீர்த் துளிகளைத் துடைத்தெடுத்தார்கள். அதில் கிருமி இருந்தது. பிறகு வேறொரு குழு பெரிய பழந்தின்னி வௌவால்களுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பறக்கவிட்டது. 2009-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி அவை தீபகற்ப மலேசியாவுக்கும் சுமத்ராவுக்கும் தாய்லாந்துக்கும் போய்வருகின்றன. மலாக்கா நீரிணை அவற்றுக்கு ஒரு ராத்திரிப் பயணம். ஒரு நாடு மட்டும் வௌவாலைக் கண்காணித்து என்ன பயன்? வேட்டை அனுமதி, காடழிப்பு, பண்ணை வேலி, பழமரம் எல்லாவற்றையும் மூன்று நாடும் சேர்ந்து பேசினால்தான் உண்டு.

ஞாயிறு, கடைத்தெரு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு வருவார்கள். மாமா போகும் ரொட்டி சானாய் கடையில் ஒரு வங்காளதேசத் தம்பி எங்கள் மேசையில் உட்கார இடம் கேட்டார். முப்பது வயது சொல்லலாம். தோட்டத்தில் குலை வெட்டுகிறார். மலாய் நன்றாகப் பேசுகிறார், என்னை அக்கா என்றே கூப்பிட்டார். எந்த ஊர் என்று கேட்டேன். ஃபரித்பூர் பக்கம் என்றார்.

ஃபரித்பூர் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 2004-ல் அங்கே நிப்பா வந்தது. 36 பேருக்கு நோய், 27 பேர் இறந்தார்கள். ஆளிடமிருந்து ஆளுக்கு அது தொற்றும் என்பதை உலகத்துக்கு அழுத்தமாகக் காட்டிய இடங்களில் ஒன்று அது. வங்காளதேசத்தில் முதலில் 2001-ல் மெஹர்பூரில் கண்டார்கள். அப்புறம் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்துகொண்டிருக்கிறது. அங்கே பன்றி வழியாக இல்லை. ஈச்சமரத்துச் சாறுதான் முக்கிய வழி. நம் ஊர்ப் பதநீர் மாதிரி, ராத்திரி பானை கட்டி விடியலில் இறக்கிப் பச்சையாகக் குடிப்பார்கள். வௌவால் வந்து அந்தச் சாற்றை நக்கும், பானைக்குள் சிறுநீர் விடும்.

"உங்கள் ஊரில் நிப்பா பற்றித் தெரியுமா?" என்று கேட்டேன்.

தெரியுமாவா! சின்ன வயதில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் வரிசையாக மூன்று பேர் போனதைச் சொன்னார். அதற்குப் பிறகு சுகாதார ஆட்கள் வந்து பாடம் நடத்தினார்களாம். மேசையில் சிந்தியிருந்த தேநீரில் விரலைத் தொட்டு ஒரு மரம் வரைந்தார். சீவிய இடத்திலிருந்து பானையின் வாய் வரை மறைக்கும்படி மூங்கில் தப்பையில் ஒரு பாவாடை வரைந்தார். "இதைக் கட்டினால் வௌவால் வாய் வைக்க முடியாது. சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கினால் பயமில்லை. பச்சையாகக் குடிக்கக் கூடாது. கீழே விழுந்து கிடக்கும், கடித்த பழத்தைத் தொடக் கூடாது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் மூக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்."

என் தாதிப் பயிற்சியில் இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் நிப்பா சொல்லித் தந்ததில்லை.

மாமா மெதுவாக, "தம்பி, சுங்கை நிப்பா இங்கேதான் இருக்கு. காடியில முக்கால் மணி நேரம்" என்று மலாயில் சொன்னார். அந்தத் தம்பி நம்பவில்லை. கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். தன் கிராமத்துக்குப் பக்கத்தில் அத்தனை பேரைக் கொண்டுபோன நோய்க்குப் பெயர் கொடுத்த ஊருக்கு இவ்வளவு அருகில் வேலை செய்கிறோம் என்பதை இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்ததை இங்கே ஒருவரும் கேட்டதும் இல்லை.

நோய் வந்தால் கிளினிக்குக்குப் போவீர்களா என்று கேட்டேன். பேச்சு உடனே சுருங்கியது. அவருக்குப் பெர்மிட் சரியாக இருக்கிறது. கூட இருக்கும் ஒருவருக்குக் குத்தகைக்காரர் புதுப்பித்துத் தரவில்லை. போன மாதம் அந்த ஆள் நாள் கணக்கில் காய்ச்சலோடு அறையிலேயே கிடந்தாராம், பாரசிட்டமால் மட்டும் தின்றுகொண்டு. வெளிநாட்டவருக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் அதிகம். பெர்மிட் பத்திரமில்லாதவர் வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001-ல் வந்த சுற்றறிக்கையின் பயம் இன்றும் லயங்களில் இருக்கிறது. சாதாரணக் காய்ச்சல்தானே, தெளிந்துவிட்டது. தெளியாத காய்ச்சலாக இருந்திருந்தால்? பெர்மிட்டைப் பார்த்தா நோய் தொற்றும்? சிங்கப்பூரில் 2020-ல் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் புகுந்தபோது, அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் எத்தனையோ பேர். ஒரு நாட்டின் நோய்க்காப்பு, அந்த நாட்டில் உழைக்கும் அண்டை நாட்டான் பயமில்லாமல் மருத்துவரைப் பார்க்க முடிவதில் இருக்கிறது. இதை நான் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன்.

நாடுகளைக் கூறுபோட்டு வைத்திருக்கும் விதமும் சரியில்லை என்பது என் எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தில் மலேசியா மேற்குப் பசிபிக் வட்டாரம், தலைமையகம் மணிலாவில். பக்கத்துத் தாய்லாந்தும் வங்காளதேசமும் இந்தியாவும் தென்கிழக்காசிய வட்டாரம், தலைமையகம் தில்லியில். வங்காளதேசம் ஆசியானிலும் இல்லை. நிப்பாவை அனுபவித்து அறிந்த ஊர்கள் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன. ஆனால் ஃபரித்பூருக்கும் ரந்தாவுக்கும் நடுவே ஆட்கள் ஒவ்வொரு வாரமும் விமானத்தில் வந்துபோகிறார்கள்.

மனம் வைத்தால் நடக்காததும் இல்லை. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிப்பா வந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனைத் தாதி லினி, நோயாளியைப் பார்த்துக்கொண்டதால் தொற்று வந்து இறந்தார். அவரை நினைக்காமல் என்னால் இந்த நோயைப் பற்றி எழுத முடியாது. ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் படுத்ததுமே அங்கே மருத்துவர்கள் சந்தேகப்பட்டு, மணிப்பால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, புனே ஆய்வகம் உறுதி செய்ய, சில நாளில் கிருமியின் பெயர் தெரிந்துவிட்டது. கிந்தாவில் ஆறு மாதம் ஆனது கோழிக்கோட்டில் நாள் கணக்கில் முடிந்தது. மலேசியாவிலிருந்து ரிபாவிரின் மாத்திரை போனது. 1999-ல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்த அதே மருந்து. ஹெண்ட்ராவுக்காக ஆஸ்திரேலியாவில் வைத்திருந்த எதிர்ப்புப்புரத மருந்தையும் அனுப்பினார்கள். அந்த முறை 17 பேர் இறந்தார்கள். சிறிய எண்ணிக்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டு எல்லை தாண்டாமல், மாதக்கணக்கில் ஓடாமல் நின்றது.

திங்கள், மழை

காலையிலிருந்து விடாத மழை. லிங்கி ஆறு கலங்கி ஓடுகிறது என்று அத்தை சொன்னார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் நாடு முழுக்க 54 பேர் இறந்தது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஏறி நின்றவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்!

என் ஊர் பட்டர்வொர்த். அதனால் பேரிடர் என்றால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இல்லாமல் பேச முடியாது. நில அதிர்ச்சி நம் நேரத்துக்குக் காலை ஒன்பது மணியளவில். ஒன்பதரைக்குள் சுமத்ராவின் ஆச்சே கரை போய்விட்டது. பினாங்குக் கடற்கரையில் அலை ஏறியபோது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. நடுவில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்று பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனவர்களிடம் ஒரு சொல் சொல்ல ஆளில்லை. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். நாகப்பட்டினத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அங்கே போனவர்கள் ஆறாயிரத்துக்கு மேல்.

அதற்குப் பிறகு செய்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. 2005 ஜூலையில் வியந்தியானில் ஆசியான் நாடுகள் பேரிடர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன; 2009 டிசம்பரில் அது நடப்புக்கு வந்தது. 2011-ல் ஜகார்த்தாவில் ஆஹா மையம் என்று அழைக்கப்படும் உதவி ஒருங்கிணைப்பு மையம் தொடங்கியது. இந்தியப் பெருங்கடலுக்கு ஹைதராபாத், இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்று இடத்திலிருந்தும் ஆழிப்பேரலை எச்சரிக்கை வருகிறது. கூடாரம், மின்னாக்கி, படகு, குடும்பப் பொதி எல்லாம் சுபாங் விமானத் தளத்தில் ஆசியான் கிடங்கில் 2012 கடைசியிலிருந்து தயாராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரந்தாவிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். 2025 மார்ச்சில் மியன்மாரில் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தபோது மலேசியாவின் ஸ்மார்ட் மீட்புக் குழு அங்கே போய் இடிபாட்டைத் தோண்டியது. 1993-ல் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் இறந்த துயரத்துக்குப் பிறகு உருவாக்கிய குழு அது.

நோய்ப் பக்கத்தில்தான் வேகம் போதவில்லை. ஆசியான் பொதுச் சுகாதார அவசர மையம் ஒன்றை 2020 நவம்பரில் அறிவித்தார்கள்; தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் மூன்றும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று முடிவானது. கிடங்கில் அடுக்கிய கூடாரத்தைப் போல நோய்த் துப்பை அடுக்கி வைக்க முடியாது. அன்றன்றைக்குச் சொல்ல வேண்டும். தனக்குச் சந்தை போய்விடுமே, சுற்றுலா போய்விடுமே என்ற பயமில்லாமல் சொல்ல வேண்டும். கவலைக்குரிய நோய் என்று கணித்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2007-லிருந்து சர்வதேச விதி இருக்கிறது. ஆனால் கணிக்க ஆரம்பிப்பதே லயத்தில்தான். பன்றியை அவசரமாக விற்றவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உண்மையைச் சொன்னால் நட்ட ஈடு உடனே கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் லாரி கிளம்பியிருக்காது. எந்த ஒப்பந்தம் போட்டாலும் அதில் பண்ணைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் பண ஏற்பாடு வேண்டும்.

மத்தியானம் மழையோடு மாமாவும் நானும் ஒரு வேலையில் உட்கார்ந்தோம். தோட்டத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாள். காய்ச்சலோடு குழப்பமும் வலிப்பும் வந்தால் காத்திருக்காதே, எந்த மிருகத்தோடு வேலை செய்தாய் என்று சொல், கடித்த பழத்தைத் தொடாதே, மிருகம் கூட்டமாகச் செத்தால் இந்த எண்ணைக் கூப்பிடு, ஆறு ஏறினால் எந்தப் பள்ளி மண்டபத்துக்குப் போவது. அவ்வளவுதான். தமிழும் மலாயும் நான் எழுதினேன். இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் மலாய் வாசகத்தைத் தன் ஆட்கள் பேசுகிறபடி மாற்றிக் கொடுத்தார். நேபாளி மொழிக்குக் கடைத்தெருக் காவலாளி உதவினார். வங்காளத்தை ஃபரித்பூர்த் தம்பியே, வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்து, தன் கையால் எழுதினார். மரத்துக்குப் பாவாடை கட்டிய படத்தையும் போட்டார். இங்கே ஈச்சஞ்சாறு இல்லையே என்றேன். "ஊருக்கு லீவில் போகிறவன் பார்த்துக்கொள்வான்" என்றார்.

தோட்ட நிர்வாகி ஒட்ட அனுமதி தருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். பத்திரமில்லாதவர் கிளினிக்குக்கு வந்தால் என்ன ஆகும் என்ற வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை. உறுதியான பதில் இல்லாமல் அதை எழுத முடியாது. மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு எழுத்து மூலமாகக் கேட்டு நானும் மாமாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நாளைக் காலை மாமா நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார், 1999 நோட்டின் நகலோடு.

வங்காளமோ நேபாளியோ படிக்கத் தெரிந்த மருத்துவத் துறை நண்பர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். மருந்துப் பெயர்களையும் நோய் அறிகுறிகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தாள் அச்சுக்குப் போகிறது.